ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு

ஒன்பதரைக்கு முதல் அழைப்பு.
ரொட்ரீக் தீவின் மருந்துக்கிடங்கு
எபெனில் எங்கள் திரையிலிருந்து காணாமல் போயிருந்தது.
காவடி விரதம், ஏழாம் நாள்.
மேசையில் பாதி உரித்த வாழைப்பழம்.
வானொலியில் புயல் எச்சரிக்கை, இரண்டாம் எண்.

தட்டினேன்.
நேரம் கடந்தது என்று வந்தது.
மறுபடி தட்டினேன். நேரம் கடந்தது.
அறுநூறு கிலோமீட்டர் கடலில்
என் சொல் எந்த இடத்தில் மூழ்கியது என்று
யாரைக் கேட்பது?

பதினொரு மணிக்குக் கேபிள்காரர்கள் ஏதோ செய்தார்கள்.
என்ன செய்தோம் என்று அவர்கள் சொல்வதில்லை.
பிங் போய்த் திரும்பியது,
பதினோரு மில்லிசெகண்ட்,
இமை பாதிகூட இறங்கியிருக்காது.
ஆனால் தரவுத்தளத்தின் கதவைத் தட்டியதும்:
இணைப்பு மறுக்கப்பட்டது.

மறுப்பு!
நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன்.
காவலாளி மூட்டூசாமி எட்டிப் பார்த்து
லாட்டரி விழுந்ததா என்றார்.
அவருக்கு எப்படிச் சொல்ல,
விடிய விடியத் தட்டியும் ஓசையில்லாத வீடு வேறு,
'போய்யா' என்று உள்ளேயிருந்து குரல் வரும் வீடு வேறு.
ஆள் இருக்கிறது. அது போதும் எனக்கு.

போர்ட் மாத்யூரினில் ழினெட்டை எழுப்பினேன்.
மருந்தாளர். கணினி அவள் வேலையல்ல.
தெருவைக் கடந்து, டார்ச்சோடு, நனைந்துகொண்டு போனாள்.
சேலைன் பெட்டிகளுக்குப் பின்னால் பாருங்கள், மதாம்,
கறுப்புப் பெட்டி, பச்சை விளக்கு.
"மோ பா தாந்தே, முசே!"
கேட்கவில்லையாம். தகரக் கூரையில் மழை.
கத்தினேன். எழுத்தெழுத்தாகக் கட்டளை சொன்னேன்,
பிறகு கதவின் எண்:
ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு.

"ஒன்று எங்கே?"
ஒன்று கிடையாது, மதாம். அவ்வளவுதான் எண்.
கிளம்பாத ராக்கெட்.

திரையில் வந்ததை அவள் வாசித்தாள்:
நூற்றிருபத்தேழு, புள்ளி, பூஜ்யம், புள்ளி,
பூஜ்யம், புள்ளி, ஒன்று.
"இதோ இருக்கிறது உங்கள் ஒன்று!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை.
அந்த முகவரிக்கு 'நான்' என்று பொருள்.
சாயங்காலம் மின்சாரம் போய் வந்தபோது
பழைய அமைப்புக் கோப்பை மாட்டிக்கொண்டு
எழுந்திருக்கிறது பெட்டி.
தன்னை மட்டும் கேட்கிறது.
தானே கூப்பிட்டு, தானே எடுத்து,
இன்சுலின் நாற்பத்தொரு குப்பி என்று
தனக்கே சொல்லிக்கொண்டு
நிம்மதியாக இருக்கிறது.
பதிவேட்டில் ஒரு பிழைகூட இல்லை.

கோப்பைத் திறக்கச் சொன்னேன்.
தலையில் ஒரு குறிப்பு, பிரெஞ்சில்:
'தற்காலிகம். பிறகு மாற்றவும்.'
மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி. எஸ். வி.
"யார் முசே இந்த எஸ். வி.?"
மழை நல்ல சத்தமாக இருந்தது.
"மோ பா தாந்தே," என்றேன்.

ஒரு சொல்லை அழித்து
ஒரு நட்சத்திரக் குறி வைத்தாள்.
பெட்டியை நிறுத்தி, எழுப்பினாள்.
தட்டினேன். மறுபடி மறுப்பு,
ஆனால் இந்த முறை என் முகவரியைச் சொல்லி,
இன்னாருக்கு அனுமதி இல்லை என்று.
பெயர் சொல்லித் திட்டினால்
பாதி உறவு வந்துவிட்டது.
அனுமதிப் பட்டியலில் இன்னொரு வரி.
கடவுச்சொல்.
பிறகு, ஒரு மணி பத்துக்கு,
வரிசை வரிசையாகத் தீவு முழுக்க வந்து இறங்கியது,
இருமல், சர்க்கரை, இரத்த அழுத்தம்.

"இன்சுலின் எத்தனை காட்டுகிறது?"
நாற்பத்தொன்று.
"தப்பு. முப்பத்தெட்டு.
இருட்டில் மூன்று பேர் வந்தார்கள்.
உள்ளங்கையில் எழுதி வைத்திருக்கிறேன்,
மை கரைவதற்குள் குறித்துக்கொள்ளுங்கள்."

ரெக்கா மாத்து நகருக்கு மேலே, எடுவார், ஒன்று.
பாதிரியாரின் சமையல்காரி, ஒன்று.
மூன்றாவது பெயரில் காற்று ஓங்கியது.
"மோ பா தாந்தே," என்றேன்,
இம்முறை உண்மையாகவே.