இடமிருந்து மூன்றாவது

அல்கூஸில் ஒரு பழைய டயர்க் கிடங்கு.
நாற்பது நாற்காலி, பதினாலு தலை.
அதில் மூன்று எங்கள் அறை.

அந்தக் கோளில் காற்றே இல்லையாம்,
ஆகவே யாரும் பேசவில்லை.
இருபது நிமிடம் ஒரு கதவு.
திறக்கும் திறக்கும் என்று பார்த்திருந்தோம்;
அது கதவே இல்லையென்று பிறகு தெரிந்தது.
பின்வரிசையில் ஒருவர் மெல்ல எழுந்து போனார்.

மீராசா காதுக்குள் கேட்டான்:
"இதுல நீ எங்கடா?"

மலைஹா மணலில் மூன்று நாள்,
நாளுக்கு நூற்றைம்பது திர்ஹம், சாப்பாடு தனி.
வெள்ளை உடுப்பு, கறுப்புக் கண்ணாடி மண்டை.
படமெடுத்த பெண் சொன்னதெல்லாம் இதுதான்:
ஒன்றும் செய்யாதீர்கள்.
சாரத்தின் மேல் எட்டு வருடம் நின்றவனுக்கு
மணலில் நிற்பது பெரிசா.

திரையில் இப்போது ஏழு பேர் நிற்கிறார்கள்.
ஏழு மண்டையிலும் ஒரே சூரியன்.
"இடமிருந்து மூணாவது" என்றேன்.
ததேயு நாலாவது என்கிறான்;
அந்தச் சரிந்த தோளை
இரண்டடுக்குக் கட்டிலில் தினம் பார்க்கிறானாம்.

அப்போது ஐந்தாவது மண்டை
கையைத் தூக்கி
மூக்கு இருக்கவேண்டிய இடத்தில்
கண்ணாடியைச் சொறிந்தது.

ஞாபகம் வந்துவிட்டது, அந்த அரிப்பு.
வெட்டிவிடுவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

விளக்கு வந்ததும் ஒரு தாடிக்காரர் அதையே கேட்டார்:
அந்தக் கையசைவுக்கு என்ன பொருள்?
அவள் வெகுநேரம் யோசித்தாள்.
தெரியாது, என்றாள். அதற்காகத்தான் வைத்துக்கொண்டேன்.
நான் கை தூக்கவில்லை.

டாக்சிக்கு மூன்று பங்கு.
வழியில் நாங்கள் கட்டிய கோபுரமொன்று,
இன்னும் யாரும் குடிவராமல்,
உச்சியில் சிவப்பு விளக்கை மட்டும் சிமிட்டிக்கொண்டு.
மீராசா ஜன்னலில் தெரிந்த தன் மூக்கைச்
சொறிந்து காட்டினான்.
டிரைவர் கண்ணாடியில் எங்களை
ஒருமுறை எண்ணிப் பார்த்தார்.