கைகள் ஆறடி

கடைக்காரப் பையன் உயரம் மட்டும்தான் கேட்டான்.
ஐந்தடி ஐந்து என்றேன்.
அறுபத்தாறு அங்குல வில்லைக் கட்டிக் கொடுத்தான்.
கையைக் கேட்க அவனுக்குத் தோன்றவில்லை.

மின்வாரியத்தில் கணக்கெடுக்கிற கை.
கீரைத்துறைச் சந்துகளில்
முக்காலி கேட்காமலே மீட்டர் மூடியைத் திறக்கும்.
எந்த ரெடிமேட் சுடிதாரும்
மணிக்கட்டுக்கு நாலு விரல் முன்னால் நின்றுவிடும்.

ஒத்தக்கடை மைதானம், ஞாயிறு காலை.
யானைமலை தன் நிழலைச் சுருட்டுமுன்
முப்பது அம்பு.
இருபத்தேழு அங்குலம்வரை நாண் வெண்ணெய்.
அதுவரை அங்குலத்துக்கு இரண்டு பவுண்டு கேட்டது
சட்டென்று நாலு கேட்கும்,
மழையில் ஆட்டோக்காரர் மாதிரி.
நாண் கூராக மடிந்து
மூன்று விரல்களையும் சேர்த்து நெரிக்கும்.
கிளிக்கர் சொடுக்காது.
எனக்கு முழங்கை நடுங்கும்.
மஞ்சளுக்குப் புறப்பட்டது
கறுப்பில் போய் உட்காரும்.

"பலம் பத்தலை" என்றார்கள்.
ரப்பர் பட்டை இழுத்தேன், முட்டை தின்றேன்,
ஆறு மாதம்.

பக்கத்துத் தடத்தில் மெஹராஜ்,
கோரிப்பாளையத்து மருந்துக்கடை,
என்னைவிட இரண்டங்குலம் உயரம்.
அவளிடம் எழுபது அங்குல வில்.
அது பாதித் தூக்கத்தில் அம்பை உதிர்க்கும்.

அவள்தான் இன்ச் டேப் கொண்டுவந்தாள்.
சுவரோடு ஒட்டிக் கைகளை விரித்தேன்.
எழுபத்திரண்டு.
"உனக்கு கை மட்டும் ஆறடி!"
இரண்டரையால் வகுத்தாள்,
மாத்திரை எண்ணுகிற வேகத்தில்:
இருபத்தெட்டே முக்கால் சொச்சம்.
அவளுக்கு அறுபத்தைந்து; இருபத்தாறு.

கைப்பிடி இருவருக்கும் ஒரே அளவு.
லிம்பில் எழுதியிருந்த பவுண்டும் ஒன்று.
கழற்றி மாற்றினோம்.
என் நாண் அவள் லிம்புக்கு எட்டவே இல்லை;
வெயிலில் கால்மணி நேரம் மல்லுக்கட்டிய பிறகுதான்
நாணும் சேர்ந்து மாறணும் என்று புத்தி வந்தது.

இழுத்தேன்.
இருபத்தேழு வந்தது, போனது.
விரல்களுக்கு நடுவே இடம் இருந்தது.
தாடைக்கு அடியில் நாண் வந்து அமர்ந்தபோது
டிக்.
அவ்வளவு சின்ன சத்தம்.

அம்பு வெள்ளையின் அடிவிளிம்பில் குத்தியது.
சைட்டை இறக்க மறந்திருந்தேன்.
மெஹராஜ் விட்டது இலக்குக்கு மேலேறி
கருவேல முள்ளுக்குள் தொலைந்தது.
"யாத்தே, என்னா வேகம்!" என்று
தேடப் போகாமல் நின்றாள்.

அவள் லிம்பு எண்ணூறு ரூபாய் கூடுதல் விலை.
அவள் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.
கணக்கில் எப்படியாவது கழிக்கலாமென்றால்
கோரிப்பாளையம் என் ஏரியாவும் இல்லை.