பன்னிரண்டாவது திருகாணி

உவர்மலையில் கரண்ட் போய் வந்த இரவு
சாப்பாட்டு மேசையில் லேப்டொப்பைக் குப்புறக் கிடத்தினேன்.
பதினொரு திருகாணிகள்,
கழற்றிய ஒழுங்கில் முட்டைப்பெட்டியின் குழிகளுக்குள்.
பன்னிரண்டாவதை ரப்பர் காலுக்கு அடியில்
ஒளித்துவைத்தவன் எந்த ஊர்க்காரனோ.

உள்ளே தூசியில்லை, உப்பு.
ஏழு வருடக் கடற்காற்று
விசிறி இதழ்களில் வெள்ளை பூத்திருந்தது.
ஓரத்தில் முத்திரை அளவில் பழைய கார்ட்,
அதன் தலையில் இரண்டு வயர்,
ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை,
கடுகளவு பித்தளைத் தொப்பிகளோடு.

நகத்தால் நெம்பி எடுத்தேன்.
புதியது கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில்
பிஸ்கட் பெட்டிக்குள் வந்தது.
அனுப்பியவன் திலுக்சன்.
நாலாயிரத்து எண்ணூறு,
இன்னும் கொடுக்கவில்லை.

தொப்பி உட்கார மறுத்தது.
மூச்சைப் பிடித்துக்கொண்டு நாலாம் தரம் அழுத்த
'டிக்'.
வயர் சொன்னதா, சுவரில் பல்லி சொன்னதா,
தெரியவில்லை.

திரை விழித்தது.
இதுவரை காணாத பெயர்கள் வரிசையில் வந்து நின்றன:
மேல்வீட்டு அஞ்சலின் அக்காவின் 'கடன் கேளாதே',
பின்வளவில் 'சுறா ஐந்து',
துறைமுகப் பக்கமிருந்து
வெறும் இலக்கங்களாய் ஒன்று.
எல்லாவற்றிலும் பூட்டு.

என்னுடையது மட்டும்
அதே இடத்தில், அதே நொண்டி வேகத்தில்.
அலமாரிக்கு மேல் ரவுட்டர் கண்சிமிட்டுகிறது.
கழற்றிய கார்டை விட அது பழசு.
அதை நான் யோசிக்கவேயில்லை.

மூடி முடித்தபின்
முட்டைப்பெட்டியில் ஒரு திருகாணி மிச்சம்.
வாசலில், குப்பைக் கூடையைச் சரித்துவிட்டு,
புள்ளிமான் ஒன்று
திலுக்சனின் பிஸ்கட் பெட்டியை
நிதானமாக மென்றுகொண்டிருக்கிறது.