எண்ணூறு மீட்டர்

எண்ணூறு மீட்டர், இருபது நிமிடம்
என்கிறது பாதை தொடங்குமிடத்து மஞ்சள் பலகை.
அதை எழுதியவருக்குப்
பிள்ளைகள் இல்லை போலும்.

இரவு ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து
குளித்ததோடு சரி, படுக்கவில்லை.
சித்ராவுக்கு இன்று கிளினிக்கில் ஓவர்டைம்.
பாலிக் பூலாவ் தாண்டிய மலைவளைவில்
மிர்த்திகா ஒருமுறை வாந்தியெடுத்து,
வாய் துடைத்து,
"காடு வந்தாச்சா?" என்றாள்.

கண்ணுக்குள் இன்னும் நிற்கிறது
நுண்நோக்கியின் வட்ட வெளிச்சம்.
அரிசிமணியில் பாதியளவு சில்லுகளில்
பன்னிரண்டு மணி நேரம் கீறல் தேடியவன்
இன்று எதையும் உற்றுப் பார்ப்பதில்லை என்றுதான்
தெலுக் பஹாங் காட்டுக்கு வந்தேன்.

பத்தடிகூடப் போகவில்லை,
குந்திவிட்டாள்.
"அப்பா, இங்க பாரு."
விரல் பட்டதும் சுருண்டு
கோலிக்குண்டாகிக் கிடந்தது ஒரு மரவட்டை.
அது விரியும்வரை இருக்க வேண்டுமாம்.
இருந்தோம்.
எங்களைக் கடந்து ஒரு சீனக் குடும்பம் போனது.
மெதுவோட்டம் ஓடும் இருவர் போனார்கள்,
திரும்பியும் வந்தார்கள்.
அது விரியவில்லை.

ஷர்வினுக்கு ஏழு வயது. எல்லாம் கணக்கு.
காலடிகளை எண்ணியபடி நடக்கிறான்.
இருநூற்றுப் பதினொன்றில் வேர் தடுக்கி
மறுபடி ஒன்று, இரண்டு.
"இங்க சிங்கம் இருக்கா?"
இல்லை.
"புலி?"
இல்லை.
"அப்ப இது பார்க்குதான்"
என்று அவன் தீர்ப்புச் சொல்லி முடிக்கவில்லை,
தலைக்கு மேல் எதுவோ கனமாகக் கிளை மாறிற்று.
என் இரண்டு விரல்களைப் பற்றிக்கொண்டான்,
எண்ணுவதை விடாமல்.

ஓடைக்கல்லில் அமர்ந்து கொய்யாத் துண்டுகள்.
அசாம்பாய்த் தூளில் தோய்த்துத் தோய்த்துத் தின்கையில்தான்
கண்டோம்:
என் காலுறைக்குச் சற்று மேலே
குடித்துப் பருத்த அட்டை.

அலறுவார்கள் என்று நினைத்தேன்.
"அதுக்குப் பசியா?" என்றாள் மிர்த்திகா.
ஆமாம்.
"உன்ன அதுக்குப் பிடிச்சிருக்கா?"
யோசித்துக்கொண்டே
மிச்சமிருந்த தூளை அதன்மேல் கொட்டினேன்.

உப்பும் புளிப்பும் பட்டு
சுருண்டு விழுந்தது, என் ரத்தத்தைக் கக்கியபடி.
அப்போதுதான் வீறிட்டாள்.
எனக்காக அல்ல.
தன் இளஞ்சிவப்புப் புட்டியைத் திறந்து
காலையில் அம்மா ஆறவைத்து ஊற்றிய நீரை
அட்டையின் மேல் ஊற்றினாள்,
கவிழ்த்து, தட்டி, கடைசிச் சொட்டுவரை.

கிடந்தது.
பிறகு ஒரு முனையை உயர்த்திக் காற்றை மோந்து
முழம் போடுவதுபோல் மண்ணை அளந்து அளந்து
ஒரு சருகுக்கடியில் போயிற்று.
"எத்தன மீட்டர் போகும்?" என்றான் ஷர்வின்.

எனக்கு ரத்தம் நிற்கவில்லை.
அவள் பையிலிருந்து பச்சை டைனோசர் போட்ட பிளாஸ்டர் வந்தது.
அவளே ஒட்டினாள், கோணலாக,
காயத்தில் பாதி வெளியே தெரிய.

பலகை சொன்ன எண்ணூறை நாங்கள் எட்டவில்லை.
முன்னூறு இருக்கலாம். ஷர்வின் கணக்கில் ஒன்பதாயிரம்.
தண்ணீர் தீர்ந்துபோன மிர்த்திகா
என் முதுகில் தாகத்தோடு தூங்கிவிட்டாள்.
வந்த வழியே திரும்பினால்
மரவட்டை கிடந்த இடத்தில்
மரவட்டை இல்லை.
அவளை எழுப்பிச் சொல்லவில்லை.

இன்றிரவு பாயான் லெப்பாஸில்
வெள்ளை அங்கிக்குள், முழங்கால்வரை மூடிய காலணிக்குள்
அரித்துக்கொண்டே இருக்கிறது
ஒரு பச்சை டைனோசர்.
நாற்பதாவது தட்டில் ஒரு சில்லு.
கீறல் இல்லை.
தள்ளிவிட வேண்டியதுதான்.
இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கிறேன்,
விரியுமோ என்று.