நாட்காட்டியின் பின்பக்கம்

ஆண்டின் கடைசி வேலைநாள்.
மொண்டேவிடியோவின் பழைய நகரத்தில்
உச்சிவேளைக்கு ஜன்னல்கள் திறக்கும்.
தீர்ந்துபோன மாதங்களைக் கிழித்து
அலுவலகங்கள் தெருவில் கொட்டும்.
கோடை வெயிலில் காகித மழை.

எனக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது.
ஜூன் மாதத்தின் பின்பக்கத்தில்
இந்த ஆண்டின் பத்துப் பாட்டுகள்.
நான்காம் இடம் மட்டும் காலி.

விதிகள் நானே போட்டவை, நானே மீறுபவை:
இருபது முறையாவது கேட்டிருக்க வேண்டும்.
அதில் ஒரு முறை பேருந்தில்,
கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு.
அழ வைத்தால் மதிப்பெண் கிடையாது,
வெங்காயமும்தான் அழ வைக்கிறது.

பத்து, 'ஈரச் செருப்பு'.
போனால் போகிறதென்று சேர்த்தேன்.
பல்லவி வரும்வரை ஒருத்தி பேசுகிறாள்,
பல்லவி வந்ததும்
ஆறு பேர் சேர்ந்து எழுதிய விடுப்புக் கடிதம்.

ஒன்பதும் எட்டும் ஒரே குரல்.
ஒரு வாய்க்கு இரண்டு நாற்காலியா
என்று வாஷிங்டன் கேட்பான்.
வாஷிங்டன் அடுத்த மேசை.
சுங்கப் படிவங்கள், நீல மை,
கக்கத்தில் வெந்நீர்க் குடுவை.
பதினான்கு ஆண்டுகளாகப் பட்டியல் மாற்றிக்கொள்கிறோம்.
என் பிறந்தநாள் அவனுக்குத் தெரியாது.

ஏழை அடித்து எழுதி அடித்துவிட்டேன்,
தாள் ஓட்டையாகிவிட்டது.

ஆறு, மார்ச்சில் இரண்டாக இருந்தது.
ஆகஸ்டில் ஒரு வங்கி அதை விலைக்கு வாங்கியது.
'தயவுசெய்து இணைப்பில் காத்திருக்கவும்'
என்பதன் பின்னால்
இப்போது அது வேலை பார்க்கிறது.
நானும் வேலை பார்ப்பவள்தான்.
குறை சொல்ல மாட்டேன்.

ஐந்து, நெல்சனின் காரில் கேட்டது.
அவ்வளவுதான்.

மூன்று, 'தப்பான எண்'. பாட்டு சுமார்.
இரண்டாம் சரணத்துக்கு முன்
அவள் இழுக்கும் மூச்சை
வெட்ட மறந்துவிட்டார்கள்.
அந்த மூச்சுக்கு மூன்றாம் இடம்.

இரண்டைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள்.

ஒன்று.
'பதினோராம் மாடி'.
பைசாந்து ஊர்ப் பையன், வயது பத்தொன்பது.
மின்தூக்கி கெட்ட கட்டடம், உச்சியில் ஒருத்தி.
மாடி மாடியாக எண்ணிக்கொண்டு ஏறுகிறான்.
ஏழாம் மாடியில் மூச்சு வாங்கி
எண்ணிக்கை தவறுகிறது,
கூடவே தாளமும் ஓர் அடி தவறுகிறது.
எனக்கு நாற்பத்தாறு. மூன்றாம் மாடியிலேயே
முட்டி பேசத் தொடங்கும்.
ஜூன் குளிரில் கடற்கரைச் சுவரில்
மீன்பிடிக்கிற ஒருவரின் வானொலியில் கேட்டேன்.
வேலியில் போன ஓணானை எடுத்துக்
காதில் விட்டுக்கொண்டேன்.
இன்னும் இறங்கவில்லை.

பதினொன்றே முக்காலுக்கு
வாஷிங்டன் தன் தாளை நகர்த்தினான்.
அவனுடைய முதலிடமும் அதுதான்.

மகிழ்ச்சி வரவில்லை, கோபம்தான் வந்தது.
சாப்பாட்டு நேரமெல்லாம் நான் தனியாக ஏறிய படிகள்,
இவன் எந்த வழியாக வந்தான்?

"ஏழாம் மாடி?" என்றேன், பரீட்சை வைப்பது போல.
"என்ன ஏழாம் மாடி?"
"அந்த அடி தவறுவது."
கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான்.
"ஒந்தினா, அங்கே என் ஒலிபெருக்கி கெட்டுவிட்டதென்று
ரிப்பேருக்குக் கொடுத்தேன்.
நானூறு பேசோ வாங்கினான்."

சிரித்து முடிப்பதற்குள் ஜன்னல்கள் திறந்துவிட்டன.
எதிர்க் கட்டடத்திலிருந்து ஏப்ரல் பறந்தது.
கணக்குப் பிரிவு மிர்த்தா
மேசையில் இருந்ததையெல்லாம் வாரி வெளியே வீசினாள்,
என் பத்துப் பாட்டுகளையும் சேர்த்து.
கீழே ஒருவன் சைடர் பாட்டிலைக் குலுக்கிக்கொண்டிருந்தான்.
அவன் தலைமேல் விழுந்தது ஜூனாக இருக்கலாம்.
யார் எடுத்தாலும் சரி,
நான்காம் இடத்தில்
எதையாவது எழுதிக்கொள்ளட்டும்.

எல்லோரும் இறங்கிப் போய்விட்டார்கள்.
வாஷிங்டன் மட்டும்
காதில் கருவியோடு
திரும்பத் திரும்ப
அந்த ஏழாம் மாடியில்.