அகழி, பாதி வரை

கிழிந்த பெட்ஷீட்டுகளை எண்ணிக்
கணக்கெழுதி எரிக்கச் சொல்வார் லாட்ஜ் மேனேஜர்.
கணக்கை எழுதுவேன்.
எரிப்பதில்லை.
பாபுராவ் தெரு மொட்டைமாடியில்
நாலு ஷீட்டை ஒட்டி, நடுவே பஞ்சு பரப்பி,
ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தை
அதில் தைக்கத் தொடங்கினேன், போன ஆவணியில்.

டேப்போடு போனால் காவலாளி முறைக்கிறார்.
சாணால் அளந்தேன்.
குதிரையின் முன்னங்கால் இரண்டு சாண், நாலு விரல்.
யாளிப் பல் ஒன்று, என் கட்டைவிரல் நகம்.
வீரனின் மீசை எட்டவில்லை.
என் தம்பி மீசையை வைத்துக்கொண்டேன்.

கல்லுக்குச் சாம்பலில் நாலு நிறம் வேண்டும்.
லாங்கு பஜாரில் கிடைத்தது இரண்டு.
மூன்றாவதை டீத்தூளில் ஊறவைத்து எடுத்தேன்.
நாலாவது இன்னும் இல்லை,
அதனால் என் தூண்களுக்கு வடக்குப் பக்கம் நிழல் கிடையாது.

ஊசி இறங்கும் இடம் பள்ளம்.
இறங்காத இடத்தில் பஞ்சு எழும்பி
தொடையாகிறது, வயிறாகிறது, பிடரியாகிறது.
விலாவை மூன்று தடவை பிரித்தேன்.
உளி தவறிய அன்று அந்தச் சிற்பி
என்ன சாப்பிட்டிருப்பான்?

பதினாலாம் நம்பர் அறை ஷெஃபாலி
துணி உலர்த்த மாடிக்கு வந்தாள்.
மிட்னாப்பூர் பக்கம். புருஷனுக்கு வால்வு.
அவளுக்குத் தெரிந்த தமிழ்:
எவ்ளோ, டோக்கன், நாளைக்கு.
எனக்குத் தெரிந்த வங்காளம் அந்த அளவுகூட இல்லை.
என் ஓட்டுத் தையலைப் பார்த்தாள்,
பக்கத்து வீட்டுக் குழம்பை ருசி பார்ப்பவள் மாதிரி.
பிறகு தன் பழைய சேலைக் கரையிலிருந்து
நீல இழை ஒன்றை உருவி,
மண்டபத்தைச் சுற்றி நான் சும்மா விட்டிருந்த
வெள்ளையில் உட்கார்ந்துவிட்டாள்.

அரிசி நீளத்துக்கு ஒரு தையல்.
அடுத்த வரி, அரை அரிசி தள்ளி.
அதற்கடுத்தது, இன்னும் அரை.
துணி தானாகச் சுருங்கி அலைகட்டியது.
கோட்டை அகழியில் காற்றடித்தால் அப்படித்தான்.
இருபது வருஷமாக பஸ் ஜன்னலில் பார்த்தும்
அதைத் தைக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை.

தூணில் ஒரு தலை உண்டு,
இரண்டு உடம்புக்குப் பொதுவாக.
வலப்பக்கத்தைக் கையால் மறைத்துக் காட்டினேன்:
மாடு.
இடப்பக்கத்தை மறைத்தேன்.
"ஹாதி!" என்று கத்தினாள்.
தும்பிக்கையை அவளே கையால் போட்டுக் காட்டினாள்.
பதினோரு நாளில் அன்றுதான் சிரித்தாள்.
கண் ஒன்றுதான், இரண்டுக்கும் அதே.
அதைக் கடைசியில் தைக்கலாமென்று
ஜாடையில் ஒப்புக்கொண்டோம்.

ஆபரேஷன் அன்று சாயங்காலம்
படியேறி வந்தவளின் முகத்தைப் பார்த்தேன்.
எந்தப் பக்கத்தை மறைத்துப் படிப்பது?
ஒன்றும் கேட்கவில்லை. எந்த மொழியில் கேட்க?
ஊசியைக் கோத்துக் கொடுத்தேன்.
இருட்டும்வரை தண்ணீர் தைத்தாள்.

மறுநாள் எனக்கு விடுப்பு.
அதற்கு மறுநாள் பதினாலில்
ராஞ்சிக்காரக் குடும்பம் ஸ்டவ் பற்றவைத்துக்கொண்டிருந்தது.
ரெஜிஸ்டரில் காலி செய்த நேரம் மட்டும்:
விடிகாலை நாலு பத்து.
போனது ஒருத்தரா, இரண்டு பேரா?
மேனேஜர் தூக்கக் கலக்கத்தில் சாவியை வாங்கினாராம்.
"பாக்கி வைக்கலை, நல்ல பார்ட்டி" என்றார்.
காட்பாடியில் அந்நேரத்துக்கு
ஹௌரா வண்டி உண்டா என்று
விசாரிக்கப் போய், பாதி வழியில் திரும்பிவிட்டேன்.

மண்டபம் முடிந்தது.
நாற்பத்தாறு தூணில் வைக்க முடிந்தது ஒன்பது.
யாளி வாயில் உருளைக்கல் போல ஒரு பொத்தான்,
தொட்டால் சுற்றும்.
மாடா யானையா, அது இன்னும் குருடு.
அகழி தெற்கு மூலைவரை நீலம்,
அதற்கப்பால் லாட்ஜ் முத்திரை குத்திய வெள்ளை.
அவள் விட்ட இடத்தில் ஊசி நிற்கிறது,
நூல் இரண்டு விரற்கடை மிச்சம்.

சனிக்கிழமைதோறும் அதை உருவி
துருப்பிடிக்காமல் தலைமுடியில் நாலு தரம் தேய்த்து
அதே துளையில் குத்திவைக்கிறேன்.