நூறு மெஷ்

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே என் கடை.
பெயிண்ட் அடிக்கும் மெஷின், நாள் வாடகை ஆயிரத்து இருநூறு,
முன்பணம் ஐயாயிரம், ஆதார் நகல் ஒன்று.
"கழுவித்தான் கொண்டு வந்தேன் அக்கா"
என்பார்கள் எல்லாரும்.
நான் முகத்தைப் பார்ப்பதில்லை.
துப்பாக்கியின் பிடியைத் திருகி
பில்டரை உருவி எடுப்பேன்.

விரல் நீளம்தான்.
மஞ்சள் என்றால் நூறு மெஷ், வெள்ளை என்றால் அறுபது.
வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால்
மெஷின் போன வீடு தெரியும்.

கருங்கல் கல்யாண வீட்டு ரோஸ்.
தேங்காப்பட்டணத்து விசைப்படகின் நீலம்,
அதற்குள் ஒரு மீன் செதில், எப்படி வந்ததோ.
மணவாளக்குறிச்சிக்குப் போய் வந்தால் கறுப்பு மணல்,
காந்தத்தைக் காட்டினால் சிலிர்த்துக்கொள்ளும்.
பழைய டப்பாவில் படிந்த ஆடையை
எடுத்துப் போடாமல் கலக்கியவன்
தோல் தோலாக அனுப்பி வைப்பான்.
ஊசியால் குத்திச் சுத்தம் பண்ணியவனை
பெரிதாகிப்போன ஒற்றைக் கண்ணி காட்டிக்கொடுக்கும்.

நான் சொல்லி அனுப்புவது பெரிய வேதமொன்றுமில்லை.
முதலில் மெஷினை நிறுத்து.
வால்வைத் திற. துப்பாக்கியை வாளிக்குள் அழுத்து.
அழுத்தம் முழுக்க இறங்கின பிறகு கை வை.
ஊசிமுனை அளவு பெயிண்ட் தோலுக்குள் போனால்
வலிக்காது, அதுதான் கேடு.
நாளைக்குப் பார்க்கலாம் என்று சாயா குடிக்கப் போன ரசலய்யன்
ஆள்காட்டி விரலை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்தார்.
பிறகு மெல்லிய பிரஷ், தண்ணீர்.
எனாமல் என்றால் தின்னர்.
உறிஞ்சுகுழாய் வாயிலிருக்கும் சல்லடையையும் மறக்காதே,
பம்பின் ஆயுசு அதில் இருக்கிறது.
தேய்ந்தால் புதிது மாற்று, நூற்றெண்பது ரூபாய்.
நூற்றெண்பது என்றதும் தலையைச் சொறிவார்கள்.
ஒரு பீஃப் பிரியாணி.

ஸ்டெர்வின் திங்கட்கிழமை கொண்டுவந்த பில்டர்
கண்ணாடி மாதிரி இருந்தது.
பதினொரு நாள் வேலை, மிடாலம் பக்கம் மாதா கோவில்,
இரண்டு கோபுரம்.
உறையிலிருந்து உரித்த அன்றைய மஞ்சள்.
"பாத்தியளா அக்கா" என்றான்.
பார்த்தேன்.
அவன் பைக் சத்தம் பம்மம் தாண்டியதும்
பம்பைக் கழற்றினேன்.
பிஸ்டன் தண்டில் நீளவாக்கில் மூன்று கீறல்.

போனில் கொஞ்ச நேரம் கடல் மட்டும் கேட்டது.
"வெள்ளிக்கிழமை கொடியேற்றுல்லா அக்கா.
வியாழன் சாயங்காலம் ஆறடி பாக்கி.
மேலயும் அடச்சு, கீழயும் அடச்சு,
மழ வேற கோளு கட்டி நிக்குது.
ரெண்டையும் கழத்தி வச்சிட்டு அடிச்சேன்."
அந்தப் புது பில்டர்?
"தக்கலையில வாங்கினேன்."
வேலைக்குக் கொடுக்காத நூற்றெண்பதை
பொய்க்குக் கொடுத்திருக்கிறான்,
அதுவும் அடுத்த கடையில்.

ஒன்பதாம் திருவிழா ராத்திரி போனேன்.
வாணவேடிக்கைக்கு எல்லாரும் அண்ணாந்தபோது
நானும் அண்ணாந்தேன்.
சீரியல் பல்பு வெளிச்சத்தில் கோபுரம் பாலாக இறங்கியது.
குருசுக்குக் கீழே ஆறடி மட்டும்
கொப்பளம் கொப்பளமாக,
குளிருக்கு மயிர் எழுந்த கை மாதிரி.
ஊரில் ஒருத்தருக்கும் தெரியவில்லை.
வாலண்டியர் பேட்ஜ் குத்திக் கயிறு பிடித்து நின்ற ஸ்டெர்வின்
என்னைப் பார்த்தான், மேலே பார்த்தான்,
பிறகு தன் செருப்பைப் பார்த்தான்.
ஈத்தப்பழம் கால் கிலோ வாங்கிக்கொண்டு
கடைசி பஸ் பிடித்தேன்.

பேக்கிங் செட், கூலி, எல்லாம் சேர்த்து
மூவாயிரத்து அறுநூறு முன்பணத்தில் கழித்தேன்.
ஒரு வார்த்தை பேசவில்லை அவன்.
புதன்கிழமை மறுபடி வந்து நின்றான்,
பள்ளியாடியில் மாடி வீடு, ஐந்து நாள்.
பில்லில் எழுதினேன்:
மெஷின் ஒன்று, குழாய் ஐம்பதடி,
பில்டர் மூன்று.
"மூணா?"
"ஒண்ணு மழைக்கு."
அவன் சிரிக்கவில்லை.
உதடு அசைய
நூற்றெண்பதை மூன்றால் பெருக்கிக்கொண்டிருந்தான்.